வியாழனும் சனியும் கன்னியில் நின்ற வருடம்

எங்கள் தாத்தா பிறந்தது 1921-ல், துர்மதி வருடம் புரட்டாசி மாதம். தஞ்சை ஜில்லாவில் வெட்டாற்றங்கரையை ஒட்டிய எங்கள் ஊரில், 1980-ன் கடைசி மாதங்களில் வீட்டுப் பேச்செல்லாம் அவருடைய அறுபதாம் கல்யாணத்தைப் பற்றித்தான். சித்திரை பிறந்தால் மறுபடி துர்மதி வருடம். திருக்கடையூர் போவதா, வாசலில் பந்தல் போட்டு வீட்டிலேயே செய்வதா என்று பெரியப்பாவுக்கும் அத்தைகளுக்கும் தீராத வாதம். எனக்குப் பதினோரு வயது. இந்த வாதம் எதிலும் சேராமல் தாத்தா வேறொரு கணக்கில் இருந்தார்.

அந்தக் கணக்கை அவர் எனக்குக் காட்டியது மார்கழியில். பெருமாள் கோயில் பஜனைக்காக விடியுமுன்பே எழுப்பிவிடுவார்கள். தெருவெல்லாம் சாணம் தெளித்த ஈரம். கோல மாவு டப்பாவோடு அக்காமார்கள் வாசல்களில் குனிந்திருப்பார்கள். தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு முன்னால் போன தாத்தா, தெருமுனைப் புளியமரத்தைத் தாண்டியதும் நின்று மேலே கை காட்டினார்.

“உச்சிக்குக் கொஞ்சம் கிழக்கால ரெண்டு பக்கத்துப் பக்கத்துல நிக்குது பாரு. பெருசா பளிச்சுனு இருக்கே, அது வியாழன். மங்கலா இருக்கறது சனி.”

பார்த்தேன். இரண்டும் மினுக்கவில்லை. சுற்றியிருந்த மற்றதெல்லாம் மினுக்கிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே கையை நீட்டி ஒரு விரலை வைத்தால் இடம் அடைந்துவிடும். கீழே கிழக்கில் சித்திரை நட்சத்திரம். தெற்கே சாய்வாக, அஸ்தத்தின் நாற்கோணம்.

“ரெண்டும் கன்னி ராசியில நிக்குது. நான் பொறந்தப்பவும் கன்னியிலதான். அறுபது வயசுன்னா சும்மா வயசுக் கணக்குன்னு நினைச்சியா? வியாழன் அஞ்சு சுத்து, சனி ரெண்டு சுத்து. ரெண்டு பேரும் சுத்தி முடிச்சுப் பொறந்த வீட்டுக்கே வந்து நிக்கறாங்க. அதுக்குத்தான்டா கல்யாணம்.”

அன்றைக்குப் பஜனையில் என் மனசு இல்லை. வீட்டுக்கு வந்ததும் தாத்தா இரும்புப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஜாதக நோட்டைக் காட்டினார். ராசிக்கட்டத்தில் வலது பக்கக் கீழ்மூலை கன்னி. அதற்குள் சூரியன், குரு, சனி மூன்றும் நெருக்கி எழுதியிருந்தது. அதுவரை அந்தக் கட்டம் எனக்குப் பெரியவர்கள் கல்யாணப் பொருத்தம் பார்க்கும் ஒரு தாள். அது ஒரு ராத்திரியின் வானம் என்பதும், யாரும் அண்ணாந்து பார்த்துச் சரியா என்று சோதித்துக்கொள்ளலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

வியாழன் ஒரு முறை வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 11.86 வருடம், சனிக்கு 29.46 வருடம். ஐந்தால் ஒன்றையும் இரண்டால் மற்றொன்றையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டுமே 59-ஐ ஒட்டி வரும். அறுபது என்பது இவை இரண்டையும் கட்டிவைத்த முழு எண். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடங்களின் சுழற்சிக்குள் இப்படி ஒரு வானக் கணக்கு இருப்பது எத்தனை வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது?

தாத்தாவுக்கு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்து ஓரை அட்டவணையும் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஓரை சூரியன். பிறகு சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடி சூரியன் என்று வரும். இருபத்துநாலு ஓரை முடிந்து மறுநாள் காலை முதல் ஓரை யாருடையது என்று எண்ணச் சொல்வார். விரல்விட்டு எண்ணினால் சந்திரனில் வந்து நிற்கும். அதனால் அது திங்கட்கிழமை. அங்கிருந்து எண்ணினால் செவ்வாய். கிழமைகளின் வரிசை அப்படிப் பிறந்தது. ஓரைகளின் வரிசையோ சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன்: மெதுவாகச் சுற்றுவதில் தொடங்கி வேகமாகச் சுற்றுவது வரை. பூமி நடுவில் அசையாமல் இருக்கிறது, மெதுவாகப் போவது தூரத்தில் இருக்கிறது, வேகமாகப் போவது கிட்டத்தில் இருக்கிறது என்று நினைத்த பழைய உலகத்தின் முழு வரைபடம் இது. அலெக்சாந்திரியாவிலிருந்து உஜ்ஜயினி வரை அறிஞர்கள் ஒத்துக்கொண்ட வரைபடம், எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது.

தை முழுக்க அந்த இரண்டையும் பார்த்துவந்தேன். கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பெரிய புள்ளி வியாழன், சின்னப் புள்ளி சனி. தையில் வியாழன் சனியைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் வந்திருந்தது. மேலே மேலே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. தை பாதியில் இரண்டுமே நின்றுவிட்டன. மாசி மகம் கழிந்து, ராச்சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கில் அவை எழுகிற காலம் வந்தபோது, வியாழன் வந்த வழியே திரும்பி நடந்து, சனியை மறுபடி தாண்டி மேற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1981 மார்ச் 4-ல் நடந்த இரண்டாவது சேர்க்கை அது. முதல் சேர்க்கை டிசம்பர் 31-ல். மூன்றாவது ஜூலை 24-ல். சாதாரணமாக இருபது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது அந்தத் தடவை ஏழு மாதத்துக்குள் மூன்று முறை நடந்தது.

“வக்கிரம்” என்றார் தாத்தா. பஞ்சாங்கத்தில் போட்டிருந்ததைக் காட்டினார். ஏன் திரும்புகிறது என்று கேட்டேன். “அது அதோட நடை” என்றார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். சூரியக் குடும்பம் பாடத்தில் நடுவில் சூரியன், சுற்றிலும் வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிரகம். எந்தக் கிரகமும் திரும்பவில்லை. ஒன்பது பெயரையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னார்கள், நானும் ஒப்பித்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த வானத்துக்கும் அந்தப் படத்துக்கும் என்ன உறவு என்று அந்த வகுப்பில் கேட்க இடமில்லை.

உறவு தெரிந்தது சித்திரை வெயிலில், சித்தப்பா கல்லூரி லீவுக்கு வந்த பிறகு. திருச்சியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்து களத்துமேடு வெறிச்சோடிக் கிடக்கும். ராத்திரி காற்றுக்காகக் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அங்கேதான் படுப்போம். பத்து மணிக்கு வியாழனும் சனியும் எங்கள் தலைக்கு நேர் மேலே. என் ரஃப் நோட்டை டார்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்த சித்தப்பா, பெரியப்பா பையனையும் என்னையும் எழுப்பினார்.

“அப்பா, நீங்க கட்டில்ல உக்காருங்க. நீங்கதான் பூமி. அசையக்கூடாது.”

களத்தின் நடுவில் தாத்தா. பெரியப்பா பையன் களத்தின் ஓரமாகப் பெரிய வட்டத்தில் மெதுவாக நடக்கவேண்டும். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நடந்துகொண்டிருக்கிற அவனையே சின்ன வட்டத்தில் சுற்றிச்சுற்றி ஓடவேண்டும். தாத்தா வெளிச்சத்தை மட்டும் பார்க்கவேண்டும். அது தூரத்துத் தென்னைகளில் எதற்கு நேராக இருக்கிறது என்று சொல்லவேண்டும். அவரே சொல்லிக்கொண்டு வந்தார்: “போவுது, போவுது... நின்னுடுச்சு... பின்னால வருது... ஏய், திரும்பிப் போவுதுடா!” அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இத்தனை வருடமாக வக்கிரம் வக்கிரம் என்று வாசித்தவர், அது எப்படி நிகழக்கூடும் என்பதை முதல்முறை கண்ணால் பார்த்தார்.

அதுதான் தாலமி என்கிற டாலமி, கி.பி. 150-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் எழுதிவைத்த அமைப்பு என்றார் சித்தப்பா. பெரிய வட்டத்தின் மேல் ஒரு சின்ன வட்டம், அதன் மேல் கிரகம். நம் நாட்டு சித்தாந்த நூல்களிலும் மந்த வட்டம், சீக்கிர வட்டம் என்று இதன் உறவுக்கார முறைதான். 499-ல் ஆரியபடர் அதைக்கொண்டுதான் கணக்குப் போட்டார். பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்று சொன்ன அதே ஆரியபடர். தென்னாட்டில் அந்தக் கணக்கை வாக்கியங்களாகக் கட்டி மனப்பாடம் செய்துவைத்தார்கள். அப்படி வந்ததுதான் வாக்கியப் பஞ்சாங்கம். 1825-ல் சென்னையில் வெளியான தன் ‘காலசங்கலிதம்’ நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏடு எதையும் பாராமல், நினைவில் இருந்த வாக்கியங்களை மட்டும் வைத்து அந்த வருடச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை எழுதிவைத்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை நாலு நிமிடம்தான்; முடிவு நேரத்தில் பிழை கூடிவிட்டது. பூமி நடுவில் என்று நம்பிய ஒரு முறை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்கள் ஒரு கிரகத்தையாவது ஒரு பருவம் முழுக்கப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து சித்தப்பா கட்டிலை அப்புறப்படுத்தி, நடுவில் அரிக்கேன் விளக்கை வைத்தார். அது சூரியன். தாத்தா உள்வட்டத்தில் விரைவாக நடக்கவேண்டும். பெரியப்பா பையன் டார்ச்சோடு வெளிவட்டத்தில் மெதுவாக. யாரும் யாரையும் சுற்றவேண்டாம், யாரும் திரும்பவேண்டாம். தாத்தா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடந்தார். அவனை எட்டிப்பிடித்துத் தாண்டுகிற நேரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“அவன் முன்னாலதான் நடக்கறான். ஆனா தென்னைமரத்தை வெச்சுப் பாத்தா பின்னால போறான்!”

“அதுதாம்ப்பா கோபர்னிக்கஸ். 1543.”

தாத்தா கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: “ரெண்டு ஆட்டத்துலயும் சரியாத்தான் வருது. அப்ப எது நெசம்னு எப்படிச் சொல்றது?”

நான் இன்றுவரை கேட்டதில் சிறந்த அறிவியல் கேள்வி அது. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு விவசாயி, ஐரோப்பா நூறு வருடம் போராடிய இடத்துக்கு ஒரே ராத்திரியில் வந்துவிட்டார்.

சித்தப்பா பதிலுக்கு என் நோட்டைத்தான் எடுத்தார். “இதுல ஒண்ணு பாத்தீங்களா? வியாழனும் சனியும் ஏன் ஒரே சமயத்துல நின்னு, ஒரே சமயத்துல திரும்புது? ஒண்ணு பன்னண்டு வருஷக்காரன், இன்னொண்ணு முப்பது வருஷக்காரன். ஒருத்தனுக்கொருத்தன் சம்பந்தமே இல்லை.”

அதுதான் சாவி. அந்தப் பங்குனியில், மார்ச் 26, 27 வாக்கில், இரண்டுமே சூரியனுக்கு நேர் எதிரே இருந்தன. சூரியன் மேற்கே இறங்கும்போது அவை கிழக்கே ஏறின. பின்னடையின் நட்டநடுப் புள்ளி அது. செவ்வாய், வியாழன், சனி மூன்றும் எப்போது பின்னால் நடந்தாலும் சூரியனுக்கு எதிரே நிற்கிற காலத்தை ஒட்டித்தான் நடக்கும். பழைய அமைப்பில் இதற்காக ஒவ்வொரு கிரகத்தின் சின்ன வட்டத்தையும் சூரியனோடு பூட்டிவைக்கவேண்டியிருந்தது: சின்ன வட்டத்தின் மையத்திலிருந்து கிரகம் எந்தத் திசையில் இருக்கிறதோ, பூமியிலிருந்து சூரியனும் அதே திசையில் இருக்கவேண்டும், மூன்று கிரகத்துக்கும், எந்நாளும். ஏன் அப்படி என்று அந்த அமைப்புக்குள் காரணம் கிடையாது. கணக்கு அப்படி இருந்தால்தான் சரிவரும், அவ்வளவே. கோபர்னிக்கஸ் பூமியை நகர்த்தியதும் சின்ன வட்டங்கள் மூன்றும் ஒன்றாகிவிட்டன. அது நாம் சூரியனைச் சுற்றுகிற வட்டம். நம் ஓட்டத்தைத்தான் ஒவ்வொரு கிரகத்தின் மேலும் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வியாழனையும் சனியையும் ஒரே சமயத்தில் தாண்டியது தாத்தா நின்றிருந்த பூமி.

சாட்சி அதற்குப் பிறகு வந்தது. 1610-ன் கடைசியில் கலிலியோ தொலைநோக்கியில் வெள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிலாவைப்போல அது தேய்ந்து பிறையானது; ஏறக்குறைய முழு வட்டமாகவும் அதற்கு முன் தெரிந்திருந்தது. டாலமியின் வரிசைப்படி வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் நடுவில். அப்படியானால் முழு முகம் தெரியவே முடியாது. வெள்ளி சூரியனுக்கு அப்புறமும் போய்வருகிறது என்பது முடிவாயிற்று. கெப்ளர் இன்னும் ஆழமாகப் போனார். டைக்கோ பிராகே வெறுங்கண்ணால் அளந்துவைத்த செவ்வாயின் இடங்களோடு வட்டக் கணக்கு எட்டுக் கலை, அதாவது நிலாவின் அகலத்தில் கால் பங்கு, ஒத்துவரவில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தை அவர் மன்னிக்கவில்லை. 1609-ல் வட்டத்தைக் கைவிட்டு நீள்வட்டத்துக்கு வந்தார். இரண்டாயிரம் வருடத்து வட்டங்கள் அங்கே முடிந்தன.

நவக்கிரக சன்னதியில் சூரியன் நடுவில் இருப்பதால் நம் முன்னோர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. அங்கே சந்திரனும் ஒரு கிரகம். சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் ராகு, கேது என்று உடன் நிற்கின்றன. பூமிக்கு அந்த மேடையில் இடமே இல்லை. நம்மவர்களின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 1501-ல் கேரளத்து நீலகண்ட சோமயாஜி ‘தந்திரசங்கிரக’த்தில் புதன், வெள்ளி இரண்டின் கணக்கைத் திருத்தி எழுதினார். டைக்கோ இதேபோன்ற அமைப்பைச் சொல்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றுவதாக ஓர் அமைப்பையும் அவர் வகுத்தார். இல்லாததைச் சொல்லிப் பெருமைப்படுவதற்குப் பதிலாக இந்தப் பெயரைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

அந்த வைகாசியில் தாத்தா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வாழ்நாளில் குருவும் சனியும் சேர்ந்த இடங்களை ராசிக்கட்டத்தில் குறிக்கச் சொன்னார். 1921, கன்னி. 1940-41, மேஷம், அப்போதும் மூன்று முறை. 1961, மகரம். “அதுக்கு மறுவருஷம் எட்டு கிரகம் மகரத்துல சேந்துச்சு. உலகம் அழியப்போவுதுன்னு ஊரூரா யாகம் பண்ணாங்க. நான் நாத்து விட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார். 1981, மறுபடி கன்னி. புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தேன். கட்டத்துக்குள் ஒரு முக்கோணம் விழுந்தது.

கல்லூரி நூலகத்தில் பல வருடம் கழித்துக் கெப்ளரின் வாழ்க்கையைப் படித்தபோது, என் கையில் இருந்த புத்தகத்தை மூடவேண்டியதாயிற்று. 1595 ஜூலையில் கிராஸ் நகரத்தில், இருபத்துமூன்று வயதுப் பள்ளி ஆசிரியராக, அவர் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தது இதே படம்: வியாழனும் சனியும் அடுத்தடுத்துச் சேரும் இடங்களை இணைக்கும் முக்கோணங்கள். அவை சற்றே சற்றே நகர்ந்து, உள்ளே ஒரு வட்டத்தை வரைந்ததைக் கண்டார். கிரகங்களின் தூரங்களுக்குப் பின்னே ஒரு வடிவக் கணக்கு இருக்கிறது என்ற எண்ணம் அங்கே பிறந்தது. மறுவருடம் அதைப் புத்தகமாக்கினார். அந்தக் கணக்கு பொய்த்தது. ஆனால் அந்தத் தேடல்தான் அவரை டைக்கோவிடமும் செவ்வாயிடமும் கொண்டுசேர்த்தது.

புரட்டாசியில் அறுபதாம் கல்யாணம் வீட்டு வாசலில் நடந்தது. அதற்குமுன் ஆவணியில் வெள்ளியும் வந்து அந்த இரண்டையும் தாண்டிப்போனதை மேற்கு வானத்தில் தாத்தாவோடு பார்த்தேன். கல்யாணத்தன்று வியாழனும் சனியும் சூரியனை ஒட்டி, அதன் வெளிச்சத்துக்குள் மறைந்திருந்தன. அவர் பிறந்த நாளிலும் அப்படித்தான், மூன்றும் ஒரே கட்டத்தில். தாலி கட்டும்போது தாத்தா சூரியனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். ஏன் என்று அந்தப் பந்தலில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு 2000-ல் மேஷத்தில் சேர்ந்தன. சூரியனுக்குக் கிட்டத்தில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. 2020 டிசம்பர் 21-ல் மகரத்தில், பத்தில் ஒரு பாகை இடைவெளியில் சேர்ந்தன. அடுத்தது 2040 அக்டோபர் கடைசியில். அது கன்னியில்.

சூரியன் நடுவில் இருக்கிறது என்று ஒரு குழந்தைக்கு முதல் நாளே சொல்லிவிடுவது கேள்வியைத் திருடுவது. முதலில் கிரகம் நிற்பதையும் திரும்புவதையும் அது பார்க்கட்டும். பிறகு பூமியை நடுவில் வைத்து விளக்கட்டும். பிறகு சூரியனை வைக்கட்டும். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு நல்ல வாய்ப்பு வருகிறது. 2027 ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மார்ச் கடைசி வரை செவ்வாய் பின்னால் நடக்கப்போகிறது. பிப்ரவரி 19-ல் அது சூரியனுக்கு நேர் எதிரே, மகம் நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். வியாழனும் சற்று மேற்கே, அதே சமயத்தில், அதே திசையில் பின்னடையில் இருக்கும். தொலைநோக்கி வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, வாரம் ஒருமுறை குழந்தையை மொட்டைமாடிக்கு அழைத்துப்போங்கள். இரண்டும் ஏன் சேர்ந்து திரும்புகின்றன என்று அது தானாகக் கேட்கும்வரை விடை சொல்லாதீர்கள்.